சவேரியார் வீட்டுப் பிள்ளை

தபசு காலம் பிறந்துவிட்டால் நெடுந்தீவுத் தாழைமுனையில் மூன்று பேச்சு எடுக்க மாட்டார்கள்: கூத்துப் பேச்சு, சண்டைப் பேச்சு, கலியாணப் பேச்சு. கூத்தைச் சனம் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது நாள் மறந்திருக்கும். சண்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வலை காயப்போடுகிற இடத்துக்குச் சண்டை பிடிக்காத நாளை எங்கள் கரை கண்டதில்லை. கலியாணத்தில் மட்டும் எல்லாரும் ஒரே பிடி. சாம்பற் புதனுக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நடுவில் பேசின சம்பந்தம் கரை சேராது என்பது அப்பன் பாட்டன் காலத்து நம்பிக்கை.

நம்பிக்கைக்காகக் காற்று காத்திருக்குமா? வாடைக்காற்று அடங்கிச் சோளகக்காற்று எழும்புமுன் கிடைக்கிற அந்த ஒன்றரை மாதம்தான் எழுவைதீவிலிருந்து நெடுந்தீவுக்குப் பாய் விரித்து வந்து அன்றைக்கே திரும்பக்கூடிய காலம். தபசு காலமும் அதுவேதான். ஆகவே எங்கள் முன்னோர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் யாரும் பெண் பார்க்க வருவதில்லை. கோவில் பார்க்க வருவார்கள். கோவிலையும் வளவையும் சுற்றிக் காட்டுவார்கள். சுற்றுகிற வழியில் எங்கேயோ ஒரு பெண் நிற்பாள். அவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு பெட்டி பனங்கட்டி வந்தால் சம்மதம். வராவிட்டால் கோவில் நல்ல கோவில் என்று அர்த்தம்.

அறுபத்தொன்றாம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிக் கோவில் பார்க்க வந்தவர்கள் எழுவைதீவுச் செபஸ்தியம்மாவும் அவருடைய தம்பி பஸ்ரியாம்பிள்ளையும். செபஸ்தியம்மா கைம்பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோவிலுக்குத்தான் வந்தார் என்பதற்கு அத்தாட்சியாகக் கையில் ஒரு கட்டு மெழுகுதிரி வைத்திருந்தார். அவருடைய மகன் மரியநாயகமும் வந்திருந்தான். ஆனால் அவன் வள்ளம் ஓட்டி வந்த ஆள் என்று பாவனை. முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை கரை ஏறுவது முறையில்லை.

பார்க்க வந்த கோவில் புனித சவேரியார் கோவில். பார்க்க வந்த பெண் கோவில் மூப்பர் பத்திநாதரின் ஒரே மகள் கத்தரீனா. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்கள் பக்கம் இருபத்தேழு வயதுக் குமரைப் பற்றிச் சனம் குரலைத் தாழ்த்தித்தான் கதைக்கும். அவள் வடிவில்லாதவள் அல்ல, வேலை தெரியாதவளும் அல்ல. கிழிந்த வலை பொத்துவாள், மாடு கறப்பாள், காய்ந்த பனங்கிழங்கை ஒடியல் மாவாக இடிப்பாள். பங்குச் சுவாமி பதினைந்து நாளைக்கு ஒருமுறை வள்ளத்தில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் கோவிலைக் கூட்டுவதும் கழுவுவதும் பீடத்துத் துணி தோய்ப்பதும் அவள்தான். பிழை அவளில் இல்லை. சவேரியாரிடம் கொடுத்த பிள்ளையை இன்னும் ஒருவரும் திரும்பக் கேட்டு எடுக்கவில்லை என்பதுதான் பிழை.

பத்திநாதருக்கு முதல் மூன்று பிள்ளைகளும் பிறந்து ஒரு மாதம் தாண்டவில்லை. நாலாவதாகக் கத்தரீனா பிறந்த எட்டாம் நாள், தாயும் தகப்பனும் அவளைக் கொண்டுவந்து பீடத்துப் படியில் கிடத்தி, "இது உம்முடைய பிள்ளை, நாங்கள் வளர்த்துத் தாறம்" என்று கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அது வழக்கம். தன் பிள்ளையைச் சவேரியார் சாகவிடுவாரா? அப்படிக் கொடுத்த பிள்ளையை, ஏழெட்டு வயதில் அது முதல்நன்மை வாங்குமுன் கேட்டு எடுக்கவேண்டும். சவேரியார் பெருநாளுக்கு முதல்நாள் பிள்ளை பீடத்துப் படியடியில் நிற்கும். மூப்பர் பீடத்தை மறித்த கிராதிக்கு உள்ளே நின்று மூன்றுதரம் கேட்பார்: "சவேரியாரின்ரை பிள்ளை படியடியிலை நிக்குது. கேக்கிறது ஆர்?" தாயோ தகப்பனோ மூன்றுதரமும் "நான் கேக்கிறன்" என்று சொல்லவேண்டும். பிறகு மூப்பர் பிள்ளையின் கையைப் பிடித்துக் கேட்டவர் கையில் வைத்து, "சோறும் துணியும் உம்முடைய பொறுப்பு, கொண்டுபோம்" என்பார். அன்றிலிருந்து அது கேட்டவர் வீட்டுப் பிள்ளை.

கத்தரீனாவுக்கு ஏழு வயதானபோது தாய் காய்ச்சலில் செத்துப்போனாள். அதே வருடம் பழைய மூப்பரும் போய்ச்சேர, ஊர் கூடிப் பத்திநாதரை மூப்பராக்கியது. பெருநாள் வந்தது. அப்போதுதான் பத்திநாதர் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தார். கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே ஆளாய் இருக்கமுடியாது. கிராதிக்கு உள்ளே நின்று "ஆர்?" என்று கேட்டுவிட்டு வெளியே ஓடிவந்து "நான்" என்று சொல்வது கூத்தில்கூட இல்லை. ஒருநாளைக்கு வேறொருவரை மூப்பராக நிறுத்தலாமே என்றார்கள். மூப்பர் உயிரோடு இருக்க இன்னொருவர் கிராதிக்குள் கால் வைப்பது குற்றம் என்றார். அவருடைய தங்கை மதலேனா, பிள்ளையைத் தான் கேட்பதாகச் சொன்னார். பிறகு அவள் உன் வீட்டுப் பிள்ளையாய்ப் போய்விடுவாள் என்று பத்திநாதர் மறுத்துவிட்டார். சுவாமியிடம் போனார்கள். புத்தகத்தில் அப்படியொரு சடங்கே கிடையாது, பிள்ளை ஞானஸ்நானத்திலேயே கடவுளின் பிள்ளை, போய்ச் சோலியைப் பாருங்கள் என்று சுவாமி அனுப்பிவிட்டார். இப்படியே இருபது பெருநாள் கழிந்தது.

இதற்கிடையில் கரம்பனிலிருந்து ஒன்றும் நாரந்தனையிலிருந்து ஒன்றுமாக இரண்டு சம்பந்தம் வந்தன. இரண்டும் விஷயம் தெரிந்ததும் நின்றுபோயின. சவேரியாரின் பிள்ளையை அவரிடம் கேட்காமல் கொண்டுபோனால் வலையில் மீன் படாது என்று கடற்றொழில் செய்கிற வீடுகளுக்குப் பயம். இது மூன்றாவது. இதுவும் போனால் இனி ஒருவரும் வரப்போவதில்லை என்பது கத்தரீனாவுக்குத் தெரியும். அவள் மாமி மதலேனாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் மாமி இந்தமுறை எழுவைதீவாருக்கு அந்தக் கதையைப் பற்றி மூச்சு விடவில்லை. கத்தரீனாவையும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லியிருந்தார்.

கரையிலுள்ள கற்சிலுவையடியில் நின்று பத்திநாதர் தொடங்கினார். அவரிடம் ஒரு கதை சொல்லக் கொடுத்தால் ஓட்டாண்டிக்குப் பந்தியில் இடம் கொடுத்த மாதிரி; எழும்ப மாட்டார். அன்றைக்கு வழக்கத்தைவிட நீட்டினார். சிலுவைக்குக் கல் எங்கே வெட்டினார்கள், எத்தனை வள்ளத்தில் ஏற்றினார்கள், ஏற்றினவர்களில் யாருக்கு முதுகு பிடித்தது என்பதெல்லாம் சொன்னார். கொடிமரத்தடிக்கு வர முக்கால் மணித்தியாலம் பிடித்தது. தண்ணீர் வற்றத் தொடங்கினால் எங்கள் கடலில் பாறைகளுக்கு நடுவே உள்ள ஒரேயொரு வாய்க்காலாலும் வள்ளம் போகாது, பொழுதுபடும்வரை கிடக்கவேண்டியதுதான். அது பத்திநாதருக்குத் தெரியாததா? பெண் பார்க்குமுன் அவர்கள் போய்விட்டால் நல்லது என்று அந்த மனிதர் உள்ளூர நினைத்தார் என்றே இன்றைக்கும் நான் சொல்வேன்.

பஸ்ரியாம்பிள்ளை எல்லாவற்றையும் எழுவைதீவோடு நிறுத்துப் பார்த்தார். கொடிமரம் உயரந்தான், ஆனால் தங்களுடையது இன்னும் ஒரு முழம் கூட. மணி பெரிதுதான், ஆனால் தங்களுடைய மணி அனலைதீவுக்குக் கேட்கும். காற்றைப் பொறுத்தது என்று பத்திநாதர் சொன்னார். யாழ்ப்பாணத்தில் கச்சேரி வாசலில் சனம் சத்தியாக்கிரகம் இருப்பதைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தார்கள். செபஸ்தியம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

கோவிலுக்குள்ளே போனால் பார்க்க ஒன்றுமில்லை. பாடுகளின் கிழமை பிறந்துவிட்டதால் புனிதர் சுருவங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிக் கட்டியிருந்தது. பீடத்துக்கு மேலே சவேரியார் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஊதாப் பொட்டலம் இருந்தது. சவேரியாரைப் பார்க்கவென்று கடல் தாண்டி வந்தவர்கள் அந்தப் பொட்டலத்தின் முன் முழந்தாளிட்டுக் கும்பிட்டார்கள். பத்திநாதர் சளைக்கவில்லை. துணிக்குள்ளே முகம் எப்படி, கை எப்படி, எந்த விரலில் நுனி உடைந்திருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். செபஸ்தியம்மா தரையைத்தான் பார்த்தார். சாணம் மெழுகின மாதிரி ஒரு தூசி இல்லாமல் கிடந்தது. தூணடி மூலையில் விரலால் ஒருக்கால் தடவியும் பார்த்தார்.

கத்தரீனா கோவில் மடத்துக் கிணற்றடியில் பீடத்துத் துணி தோய்த்துக்கொண்டு நின்றாள். அது மாமியின் ஏற்பாடு. துணி தோய்க்கிறவள் பெருநாள் சேலை கட்டிக்கொண்டா தோய்ப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவளைக் கண்டதும் எல்லாரும் கிணற்றைப் பார்த்தார்கள்.

சுற்றிவரக் கடல் இருந்தும் இந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாமல் இருப்பது, கப்பல் உடைந்து கரையேறிய ஒரு பறங்கிச் சுவாமி செபம் பண்ணிச் செங்கோலால் குத்தியதால் என்று பத்திநாதர் தொடங்கினார். கோவில் மணியும் அந்தக் கப்பலின் மணிதான் என்றார்.

"அப்பு," என்று கத்தரீனா நிமிராமலே சொன்னாள், "மணியிலை நாகபட்டினத்திலை வார்த்ததெண்டு எழுதியிருக்கு. கிணறு வெட்டினது அயல்வீட்டுச் சின்னக்குட்டியின்ரை பூட்டன். அவைக்கு மாட்டுக்குத் தண்ணி வேண்டியிருந்தது."

பஸ்ரியாம்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்திநாதர் மகளை முறைத்தார். முறைப்பில் பெருமையும் கலந்திருந்தது. செபஸ்தியம்மா அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்தார்.

"மூப்பருக்கு முழங்கால் நோகுது போலை. மிச்சத்தைப் பிள்ளை காட்டட்டுமே."

பத்திநாதரின் முழங்காலில் ஒரு நோவும் இல்லை. ஆனால் பெரியமனுஷி ஒருத்தி சொன்னபிறகு நோகாமல் இருந்தால் மரியாதையில்லை. அவர் கோவில் வாசற்படியில் போய்க் குந்திவிட்டார்.

கத்தரீனா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வந்தவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் உறவுமுறை ஒன்றும் சொல்லாமலே கதைத்தாள். மாமி என்றால் அவசரப்படுவதாக நினைப்பார், அக்கா என்றால் வயது பொருந்தாது. கோவிலுக்குப் பின்னால் பறங்கியர் காலத்துப் பழைய சுவர் அரை ஆள் உயரத்துக்கு நின்றது. கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும், நடுவே ஒரு பனை முளைத்து வளர்ந்திருந்தது. பனையை வெட்டினால் சுவர் விழுந்துவிடும், அதனால் இரண்டையும் விட்டு வைத்திருக்கிறோம் என்றாள். அப்பால் கல்வேலி அடைத்த ஒரு மாட்டுப் பட்டி இருந்தது. ஒல்லாந்தர் கோவிலைப் பூட்டிய காலத்தில் சவேரியாரின் சுருவத்தை அந்தப் பட்டிக்குள் வைக்கோலுக்கு அடியில் ஒளித்து வைத்தவர்கள் சைவக்காரர். இன்றைக்கும் பெருநாட் பாற்சோற்றுக்குப் பால் அவர்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது. இதையெல்லாம் அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். தகப்பனுக்கும் மகளுக்கும் அதுதான் வித்தியாசம்.

கடைசியாகச் சவக்காலைக்கு வந்தார்கள். கடலைப் பார்த்தபடி வெள்ளை மணலில் சிலுவைகள் நின்றன. வடக்கு வேலியோரம் சிலுவை இல்லாமல் நாலு புதைகுழிகள் இருந்தன. சுற்றிவர முருகைக்கல் அடுக்கி, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசியிருந்தது. செபஸ்தியம்மா அங்கே நின்றுவிட்டார்.

"இது ஆற்றையள்?"

"தெரியாது. கடல் கொண்டுவந்து விட்டவை. இது நாப்பத்தாறிலை. நடுவிலை ரெண்டும் ஒரே நாள். இவர் போன வருஷம்."

"சிலுவை இல்லையே, பிள்ளை?"

"என்ன சமயமெண்டு தெரியாதெல்லே. விருப்பமில்லாத ஆளுக்குச் சிலுவை நட்டாலும் பிழை, உரிய ஆளுக்கு நடாட்டிலும் பிழை. அதாலை கல்லு வைச்சனாங்கள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரோடையும் சேத்து இவைக்கும் திரி கொழுத்துவன். ஆரோ தேடிக்கொண்டு இருப்பினம்."

செபஸ்தியம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். பஸ்ரியாம்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பால் போய்க் கடலைப் பார்த்தார். செபஸ்தியம்மாவின் மனுசன் நாற்பத்தொன்பதாம் ஆண்டு மார்கழியில் வலை எடுக்கப் போனவர். வள்ளத்தின் ஒரு பலகை வந்தது, ஆள் வரவில்லை.

மாமி சொல்லி அந்தக் கதை கத்தரீனாவுக்குத் தெரியும்; ஆனாலும் அந்த மனுஷி ஏன் உட்கார்ந்தார் என்று விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"நாப்பத்தொன்பதிலை இஞ்சை ஒருத்தரும் கரையேறேல்லை," என்று மெல்லச் சொன்னாள்.

"தெரியும் பிள்ளை. எங்கையோ ஒரு கரையிலை ஏறியிருப்பார். அங்கையும் கல்லுக்குச் சுண்ணாம்பு பூச உன்னைப்போலை ஒருத்தி இருந்தாக் காணும்."

அதற்குப் பிறகு கத்தரீனாவுக்கு மாமி சொன்னது வாயில் நிற்கவில்லை. இந்த மனுஷிக்குப் பொய் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுப் படி ஏற அவளால் முடியாது. அவள் எழும்பி நின்று, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். எட்டாம் நாள் கொடுத்தது, ஏழு வயதில் கேட்காமல் விட்டது, கரம்பன் சம்பந்தம், நாரந்தனைச் சம்பந்தம், மாமி மறைக்கச் சொன்னது எல்லாம்.

"மாமியிலை கோவிக்காதேங்கோ. என்ரை நன்மைக்கு எண்டுதான் மறைச்சவ. ஆனால் களவெடுத்த சாமான் மாதிரி நான் ஒரு வீட்டுக்குப் போகமாட்டன். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் கோவிலைப் பாத்ததாய் இருக்கட்டும்."

பஸ்ரியாம்பிள்ளை திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. மதலேனா தங்களை மடையராக்கப் பார்த்தாள், இரண்டு மணித்தியாலம் கல்லையும் கிணற்றையும் காட்டி மூடி மறைத்தார்கள், தண்ணீர் வற்றுகிறது, இப்போதே வெளிக்கிடவேண்டும் என்று அக்காளிடம் படபடத்தார். செபஸ்தியம்மா மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.  கத்தரீனா முன்னால் நடந்தாள். முதுகு நேராகத்தான் இருந்தது. ஆனால் அழுதுகொண்டுதான் நடந்தாள். எனக்கு அதில் சந்தேகமில்லை.

சவக்காலைப் படலையிலிருந்து கரை தெரியும். மரியநாயகம் தண்ணீர் வற்ற வற்ற வள்ளத்தைத் தள்ளித் தள்ளி வெகுதூரம் போய்விட்டிருந்தான். பாயைச் சுருட்டித் தலையில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒருதரம்கூடச் சத்தம் வைத்து இவர்களை அவசரப்படுத்தவும் இல்லை. கத்தரீனா படலையைச் சாத்துகிற சாட்டில் கொஞ்சநேரம் அந்தப் பக்கம் பார்த்தாள். செபஸ்தியம்மா அதைக் கண்டார்.

மடத்தில் மதலேனா மாமி ஒடியற்கூழ் காய்ச்சி இறக்கியிருந்தார். நண்டும் திருக்கையும் பயிற்றங்காயும் போட்டு, பழப்புளி விட்டு, நல்ல உறைப்பு. வளவு முழுவதும் வாசம். முகங்களைப் பார்த்ததுமே மாமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பனையோலைப் பிளாவைக் கோலிக் கூழ் வார்த்துப் பஸ்ரியாம்பிள்ளையிடம் நீட்டினார். கோபக்காரன் கை நீட்டக்கூடாதுதான். ஆனால் விடியமுன் வள்ளம் ஏறிய வயிறு. அவர் திண்டுபோல இருந்த கல்லில் உட்கார்ந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் மூன்று பிளா குடித்தார்.

செபஸ்தியம்மா கூழடிக்குப் போகவில்லை. நேரே கோவில் வாசலுக்குப் போனார். பத்திநாதர் எழும்பி நின்றார். கத்தரீனா பின்னால் நின்றாள்.

"மூப்பர், இருபது வருஷம் ஏன் பிள்ளையைக் கேட்டு எடுக்கேல்லை?"

பத்திநாதர் தன் நியாயத்தைத் தொடங்கினார். கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே ஆள், கிராதி, குற்றம். ஊரில் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த நியாயம். செபஸ்தியம்மா இடையில் பேசவில்லை. முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். அதைத்தான் பத்திநாதரால் தாங்க முடியவில்லை.

"என்ரை பிள்ளையெண்டா நான் கட்டிக் குடுக்கவேணும்," என்றார் பத்திநாதர். குரல் இறங்கிப்போயிருந்தது. "சவேரியாரின்ரை பிள்ளையெண்டா இஞ்சையே இருப்பாள். தாயும் போன வீடு. எனக்கு அது வசதியாய்ப் போச்சு. ஒவ்வொரு பெருநாளும் அடுத்த பெருநாளுக்குப் பாப்பமெண்டு விட்டனான்."

கத்தரீனா அதுவரை இதைத் தன் தலையெழுத்து என்று நினைத்திருந்தாள். தகப்பனுக்கு உண்மையிலேயே வழி தெரியவில்லை என்றுதான் நம்பியிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் படியில் நின்ற நிலையைப் பார்க்க அது நிற்கவில்லை.

"எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாம், அப்பு," என்றாள்.

செபஸ்தியம்மா திரும்பி அவளைக் கேட்டார். "பிள்ளை, நான் கேக்கட்டோ?"

கத்தரீனா திரும்பினாள். கோவிலுக்குள்ளே போனாள். பீடத்துப் படியடியில், ஆறு வயதுப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில், இருபத்தேழு வயதில் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ்ரியாம்பிள்ளை நாலாவது பிளாவைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். அக்கா, தபசு காலம், பேச்சு எடுக்கக்கூடாது என்றார்.

"நான் கலியாணப் பேச்சு எடுக்கேல்லை. சவேரியாரிட்டை ஒரு பிள்ளை கேக்கிறன். பேசாமல் நில்."

பத்திநாதருக்குக் கடைசியாக இன்னொரு நியாயம் அகப்பட்டது. "சுருவம் மூடியிருக்கு," என்றார்.

"மூடினது துணிதானே. அவருக்குக் காது கேக்கும். நீர் உள்ளுக்குப் போம்."

ஊரில் யாரும் மூப்பரை அப்படி ஏவியதில்லை. பத்திநாதர் சால்வையைச் சரிசெய்துகொண்டு கிராதிக்கு உள்ளே போனார். மதலேனா மாமி கையிலே கூழ் அகப்பையோடு வாசலில் வந்து நின்றார். செபஸ்தியம்மா தன் மெழுகுதிரிக் கட்டைப் பிரித்து ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கிராதிக்கு வெளியே முழந்தாளிட்டார்.

"சவேரியாரின்ரை பிள்ளை படியடியிலை நிக்குது. கேக்கிறது ஆர்?"

"நான் கேக்கிறன்."

எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். முதல்தரம் பழக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாம் தரம் "பிள்ளை" என்ற சொல்லில் குரல் தட்டியது. செபஸ்தியம்மா தட்டாமல் பதில் சொன்னார். மூன்றாம் தரம் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பத்திநாதர் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே முகட்டில் புறா குனுகுவது கேட்டது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தும்.

"கேளுங்கோ அப்பு," என்றாள் கத்தரீனா, தலை நிமிராமல்.

அவர் கேட்டார். செபஸ்தியம்மா பதில் சொன்னார். பத்திநாதர் இறங்கி வந்து மகளின் கையைப் பிடித்தார். கிணற்றடியில் துணி தோய்த்த சவர்க்கார வாசம் அதில் இன்னும் இருந்தது. அந்தக் கையை எழுவைதீவு மனுஷியின் கையில் வைத்துச் சொல்லவேண்டியதை ஒரு சொல் விடாமல் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் தன் கையை எடுக்கவில்லை.

"கோவிலை இனி ஆர் கூட்டுறது?" என்று கேட்டார்.

அவர் கோவிலைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பஸ்ரியாம்பிள்ளைக்கே தெரிந்தது, அவர் சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கள்தான் அப்பு," என்றாள் கத்தரீனா. "பெருநாளுக்கு வரேக்கை மூலை மூலையாய்ப் பாப்பன். தூசி கிடந்தா உங்களோடை கதைக்கமாட்டன்."

"ஓம் பிள்ளை," என்றார் பத்திநாதர். "ஓம்."